அரையடிக்குக் கீழே

கோடை மழை ஒன்று இறங்கிவிட்டால் போதும், என் போன் ஓயாது. பாதிப் பேர் கேட்பது, "ரோட்டவேட்டர் சும்மா இருக்கா?" மீதிப் பேர் கேட்பது, மணிக்கு எவ்வளவு. என்ன மண், என்ன போடப் போகிறீர்கள், போன பட்டத்துக்கு எதை வைத்து ஓட்டினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால், "வண்டிய அனுப்புவியா மாட்டியா, அத மொதல்ல சொல்லு" என்று பதில் வரும்.

தஞ்சாவூருக்குத் தெற்கே டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவன் நான். வேளாண் பொறியியலில் டிப்ளமோ முடித்தவன் என்பதால் ஊரில் 'படிச்ச டிரைவர்' என்று பெயர். அது பாராட்டா கிண்டலா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. எங்கள் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. வடக்கே திருவையாறு, பாபநாசம் போனால் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களியும். தெற்கே கந்தர்வகோட்டை போனால் செம்மண், சரளை. காலையில் நெல் வயலில் சேறு அடித்த வண்டியே சாயங்காலம் கடலைக்கொல்லையில் புழுதி கிளப்பும். ஒரே இரும்பு, ஒரே டீசல். ஆனால் ஒரு மண்ணுக்குச் செய்கிற நல்லது இன்னொரு மண்ணுக்குக் கெடுதலாகப் போய் முடிகிறது. இதை வண்டிக்காரன் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செம்மண்ணிலிருந்து தொடங்குகிறேன். கந்தர்வகோட்டைப் பக்கம் கடலைச் செடியை வேரோடு தோண்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றடிக்கு மேலே இறங்கக்கூடிய ஆணிவேர், அரையடி முக்காலடியிலேயே முட்டி, பக்கவாட்டில் திரும்பி ஓடியிருக்கும். அந்த இடத்தில் மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் வரும். எங்கள் ஊரில் அதைக் கெட்டித் தட்டு என்பார்கள். வேளாண் அலுவலர்கள் ஹார்டு பான் என்பார்கள். மேலே இருக்கும் மண்ணும் கீழே இருக்கும் மண்ணும் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் இந்தத் தட்டு மட்டும் தண்ணீரையும் வேரையும் மறித்துக்கொண்டு கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் தட்டுக்கு மேலேயே தேங்கும், வழிந்து ஓடும். ஒரு வாரம் வெயில் அடித்தால் மேல் மண் காய்ந்து செடி துவண்டுவிடும். இரண்டடி ஆழத்தில் ஈரம் இருந்தும் செடிக்கு அது எட்டாது.

இந்தத் தட்டு பாதி இயற்கையின் வேலை. செம்மண்ணில் மழைநீரோடு களியின் நுண்துகள்கள் கீழே இறங்கி ஓர் ஆழத்தில் படிகின்றன. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அவற்றைப் பிணைத்துவிடுகின்றன. மீதிப் பாதி நம்முடைய வேலை. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுகிறோம். கலப்பையின் அடிப்பாகம் தனக்குக் கீழே இருக்கும் மண்ணை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுத்திவிட்டுத்தான் போகிறது. மாட்டு ஏரிலும் இது உண்டு. டிராக்டர் வந்த பிறகு இரண்டு டன் எடையும் சேர்ந்துகொண்டது.

தட்டு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. விரல் கனத்தில் ஒரு இரும்புக் கம்பி, ஒரு முனை கூராக்கியது, மறுமுனையில் குறுக்கே ஒரு கைப்பிடி. நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மண் முழுக்க ஈரமாக இருக்கும்போது, நிதானமாக அழுத்த வேண்டும். ஓரிடத்தில் கம்பி இறங்க மறுத்து, உடம்பு எடையைப் போட்டதும் சட்டென்று விட்டுக்கொடுத்து மறுபடி லேசாக இறங்கினால், அந்த மறுத்த இடம்தான் தட்டு. காய்ந்த நிலத்தில் குத்திப் பார்த்துப் பயப்படக் கூடாது. காய்ந்தால் எல்லா மண்ணும் மறுக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதையே ஊடுருவுமானி என்ற கருவியால் செய்கிறார்கள். கூம்பு முனையுள்ள தண்டு, மேலே அழுத்தம் காட்டும் முள். அது 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ, பெரும்பாலான பயிர்களின் வேர் அதற்குமேல் முன்னேறுவது கஷ்டம் என்பது பல நாட்டு ஆய்வாளர்களும் எடுத்துக்கொள்ளும் அளவு.

இனி ரோட்டவேட்டர். அதன் கதையே வேடிக்கையானது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்கண்ட்ரா என்ற ஊரில், 1912இல், ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்டு என்ற இளைஞர் தன் அப்பாவின் பண்ணையில் இருந்த நீராவி டிராக்டரின் எஞ்சினிலிருந்து ஒரு தண்டுக்கு ஓட்டம் கொடுத்து, மண்ணைச் சுழற்றிக் கிளறிப் பார்த்தார். சாதாரண உழவில் கீழ் மண் இறுகிப்போகிறது, சுழலும் கத்தியில் அது நேராது என்பதுதான் அவருக்குத் தெரிந்த நன்மை. முதலில் மண் பக்கவாட்டில் பறந்தது. பிறகு கத்தியை எல் வடிவத்தில் வளைத்துச் சரிசெய்தார். 1938இல் இங்கிலாந்துக்குப் போய் அங்கே தொழிற்சாலை போட்டார். மண் இறுகக் கூடாது என்று பிறந்த யந்திரம், நூறு வருஷம் கழித்து எங்கள் ஊர்க் கொல்லைகளில் அந்த இறுக்கத்துக்கே துணை நிற்கிறது. வருஷத்துக்கு மூன்று தடவை, ஒரே நாலைந்து அங்குல ஆழத்தில், மண்ணின் பதம் பார்க்காமல் ஓட்டுவார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

விவசாயிகள் அதை விரும்புவதில் தப்பில்லை. கல்டிவேட்டரை இழுக்க டிராக்டரின் டயர் மண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும். அதில் நிறைய சக்தி வழுக்கலிலேயே போய்விடும். ரோட்டவேட்டருக்கு எஞ்சினின் சக்தி பி.டி.ஓ. தண்டு வழியாக நேராகக் கத்திக்குப் போகிறது. சக்கரம் சுற்றும் திசையிலேயே கத்தியும் சுற்றுவதால் அது வண்டியை முன்னால் தள்ளவும் செய்கிறது. ஒரே ஓட்டத்தில் களை அறுபட்டு, தாள் மடங்கி, கட்டி உடைந்து, விதைக்கத் தயாராகிவிடும். கூலி ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய விஷயம். எனக்கும் இதில்தான் வருமானம். கத்தித் தேய்மானம் போனாலும் கையில் நிற்கும்.

ஆனால் வரப்பில் நிற்கிறவர் மண் எவ்வளவு பொடியாகிறது என்பதை வைத்துத்தான் வேலையை எடைபோடுகிறார். எங்கள் பக்கத்தில் ஒரு அப்பாயி, கடலைக்கொல்லைக்காரி, வண்டி கொல்லைக்குள் இறங்குமுன்பே சொல்லிவிடுவார்: "தம்பி, மாவா அரைச்சுக் குடுத்துரு." அரைத்துக் கொடுத்தால் மகிழ்ச்சிதான். அடுத்து ஒரு சாத்து மழை பெய்து வெயில் அடித்தால் அந்த மாவு அப்பளமாகிவிடும். செம்மண்ணைப் பொடியாக்கினால் மழைத்துளி அதைக் கரைத்து மேலே ஓர் ஓடாகப் படிய வைக்கும். முளை அதை முட்டித் தள்ள முடியாமல் வளைந்து போகும். கடலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. பூத்த பிறகு காம்பு மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். ஓடு கட்டிய மண்ணில் அந்த ஊசி இறங்காது. அதனால்தான் கடலைக்கு ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். அறுவடையின்போது மண் இறுகிக் கிடந்தால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கடலை பிடுங்கும் கருவி என்று டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் அகலக் கத்தி இப்போது இருக்கிறது. காய்க்குக் கீழே போய் மண்ணோடு தூக்கி, சங்கிலிக் கம்பிகளில் உதறிச் செடியைக் கொடுக்கும். நல்ல கருவி. ஆனாலும் பதமான மண்ணில்தான் அதன் மரியாதை காப்பாற்றப்படும்.

கெட்டித் தட்டை உடைக்க உளிக் கலப்பை. கனமான ஒற்றை இரும்புக் கால், அடியில் சிறு உளி. மண்ணைப் புரட்டாது, கிழித்துக்கொண்டு போகும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இப்படி: அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் ஓட்ட வேண்டும், பிறகு அதற்குக் குறுக்கே அதே இடைவெளியில். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும். ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரமோ மட்கிய தென்னைநார்க் கழிவோ சேர்க்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி ஆழம் வரை போகும். நாற்பத்தைந்து குதிரைத்திறன் வண்டியே மூச்சுவாங்கும், முன் சக்கரம் லேசாகத் தூக்கும்.

இதிலும் ஆழமாகப் போனால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது. 1978இல் இங்கிலாந்தின் சில்சோவில் ஸ்பூர், காட்வின் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ஓர் ஆழம் வரை உளி மண்ணை முன்னாலும் மேலேயும் தூக்கி, நொறுக்கிவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டினால் மண்ணுக்கு மேலே போக வழியில்லை. உளி அதைப் பக்கவாட்டில் நெருக்கத்தான் செய்கிறது. உடைக்கப் போன இடத்தில் புது இறுக்கம் உண்டாகிறது. அந்த எல்லை ஏறத்தாழ உளி அகலத்தின் ஐந்தாறு மடங்கு. ஆழம் கூட வேண்டுமென்றால் உளியின் அடியில் இறக்கை போல இரண்டு தகடு சேர்க்கலாம் என்பதும் அவர்கள் கண்டதுதான். மண் ஈரமாக இருந்தால் எல்லை இன்னும் மேலேயே வந்துவிடும். ஈர மண்ணில் உளிக் கலப்பை ஓட்டினால் ஒரு கோடு கிழித்த தடம்தான் மிஞ்சும், இரு பக்கமும் வழவழவென்று பூசினபடி. எனவே உளி ஓட்டக் காய்ந்த நிலம் வேண்டும். பங்குனி, சித்திரை. கோடை மழை பெய்த மறுநாள் "உளி போட்டுடு தம்பி" என்று கூப்பிடுகிறவர்களிடம் மறுப்பது எனக்கு வருமான இழப்பு, ஆனால் மறுத்துவிடுகிறேன்.

இப்போது வடக்கே வாருங்கள். அங்கே அதே தட்டுக்கு வேறு மதிப்பு.

நெல்லுக்குச் சேற்றுழவு உழுவதே மண்ணின் கட்டமைப்பைக் குலைக்கத்தான். தண்ணீர் நிறுத்தி, கேஜ் வீல் மாட்டி, மண்ணைக் கூழாக்கினால் பெரிய துளைகள் அடைபடுகின்றன. கீழே ஒரு தட்டு உருவாகித் தண்ணீரைத் தாங்குகிறது. அது இல்லாவிட்டால் மேட்டூர்த் தண்ணீர் வயலில் நிற்காது. கேஜ் வீல் என்பது இரும்புக் கூண்டுச் சக்கரம். சேற்றில் டயர் வழுக்கும். கூண்டின் பட்டைகள் கடப்பாரை குத்துவது மாதிரி பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் மண்ணையும் மசிக்கும். இந்த வயலில் போய் உளிக் கலப்பை போட்டுத் தட்டை உடைப்பதும் ஏரியின் கரையை வெட்டுவதும் ஒன்றுதான்.

அதுவும் அளவோடு இருந்தால் சரி. நெல்லுக்கு மேல் நெல், வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்ற சில வயல்களில் மண் தன் பலத்தை முற்றிலும் இழந்து பொதபொதவென்று ஆகிவிடுகிறது. இறங்கினால் முட்டிக்கு மேலே புதையும். மாடு புதையும், நடவு யந்திரம் புதையும், பயிர் வேரூன்றி நிற்காது. இதற்குப் பல்கலைக்கழகம் சொல்லும் வைத்தியம் கேட்டால் சிரிப்பு வரும்: 400 கிலோ எடையுள்ள கல் உருளையை, அல்லது கல் நிரப்பிய தார் டிரம்மை, சரியான ஈரத்தில் எட்டு முறை உருட்டு. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பயிர் உற்பத்திக் கையேடு. கந்தர்வகோட்டைக்காரனுக்கு "உடை", வண்டல்காரனுக்கு "அழுத்து". தண்ணீர் நிற்காமல் ஓடும் மணற்பாங்கான நிலத்துக்கும் உருளைதான். முதலில் இதைப் படித்தவுடன் அச்சுப்பிழையோ என்றுதான் நினைக்கத் தோன்றும். இரண்டையும் ஒரே வாரத்தில் ஓட்டிப் பார்த்தவனுக்கு அப்படித் தோன்றாது.

மண்ணுக்கு ஏற்ற கருவி என்ற இந்தப் பாடத்தைச் சென்னை சைதாப்பேட்டையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே சிலர் காசு கொடுத்துப் படித்தார்கள். 1860களில் கவர்னர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகளையும் விதைப்புக் கருவிகளையும் வரவழைத்து அங்கே ஒரு மாதிரிப் பண்ணை போட்டார். அந்த இடத்தில் 1868இல் தொடங்கிய விவசாயப் பள்ளிதான் பின்னால் கோவைக்குப் போய் இன்றைய பல்கலைக்கழகம் ஆனது. நீராவிக் கலப்பை என்ன ஆயிற்று என்றால், நம் உழவர் யாரும் அதன் பின்னால் போகவில்லை. 1889இல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்ற ஆங்கில விவசாய வேதியியலாளர், 1893இல் வெளியான தன் அறிக்கையில், நம் நாட்டுக் கலப்பை ஏன் நம் மாட்டுக்கும் மண்ணுக்கும் பொருந்துகிறது என்று பொறுமையாக எழுதினார். வந்து இறங்கிய பெரிய மனிதர்களில் வரப்பில் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்.

கருவியை மண்ணோடு சேர்த்துப் படிக்கும் முறை அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்னில் 1930களில் உருப்பெற்றது. மார்க் நிக்கோல்ஸ் என்ற பொறியாளரின் முயற்சி. நீளநீளமான தொட்டிகளில் வெவ்வேறு ஊர் மண்ணைக் கொண்டுவந்து நிரப்பி, இருபுறமும் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஓடும் வண்டியில் கலப்பையை மாட்டி, எந்த மண் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார்கள். வயலில் ஒரே கலப்பை பத்து மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கப் பத்து ஊருக்குப் போக வேண்டும், பத்து ஊரிலும் ஒரே ஈரம் இருக்காது. தொட்டியில் ஈரம் நம் கையில். நான் அந்தத் தொட்டிகளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கந்தர்வகோட்டைக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த யோசனை சட்டென்று பிடித்துப்போகும்.

எங்கள் காவிரி டெல்டாவில் உழாமலே பயிர் எடுக்கும் வழக்கமும் உண்டு. சம்பா, தாளடி அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னால், வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுக்கும்போது உளுந்து இரண்டு இலையோடு நிற்கும். உழவு இல்லை, பாசனம் இல்லை. மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் விளையும். கலப்பை படாத சாகுபடி என்று உலகம் முழுக்க இப்போது பேசுகிறார்களே, எங்கள் பக்கத்து வண்டல்காரர்கள் பெயர் வைக்காமலே செய்துவந்தது அது.

அதற்கு இடைஞ்சலாக வந்தது அறுவடை யந்திரம். அரிவாள் அறுப்பில் ஆள் நடந்துபோன தடம் ஒரு தடமே இல்லை. யந்திரம் ஏறினால் முளைத்த உளுந்து நசுங்கும், தடத்தில் பள்ளம் விழும். பெல்ட் வண்டி எடையைப் பரப்பி வைப்பதால் மேல் மண்ணுக்குப் பாதகம் குறைவு. டயர் வண்டி ஈர வயலில் இறங்கினால் பார்க்கவே சகிக்காது. ஆனால் மேலே தெரியும் பள்ளத்தைவிடக் கீழே போகும் சுமை பெரிய விஷயம். மேல் மண்ணின் இறுக்கத்தை டயரின் காற்றழுத்தமும் தொடும் பரப்பும் தீர்மானிக்கின்றன. ஒன்றரை அடிக்குக் கீழே போகும் இறுக்கத்தை, அச்சில் மொத்தம் எத்தனை டன் என்பது தீர்மானிக்கிறது. டயரை அகலமாக்கினாலும் அது முழுசாகப் போகாது. ஹோகன்சன் என்ற ஸ்வீடன் மண் விஞ்ஞானி முன்னின்று பல நாடுகளில் நடத்திய நீண்டகாலச் சோதனையில், அச்சுக்கு 10 டன் சுமையுள்ள வண்டியை நான்கு முறை நிலத்தில் ஓட்டினார்கள். மேல் மண் சில வருஷங்களில் தேறிவிட்டது. நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே ஏற்பட்ட இறுக்கம் போகவே இல்லை. அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் மண் உறைந்து வெடித்தும்கூட.

நமக்கு உறைபனி கிடையாது. களி மண்ணுக்கு வெயில் இருக்கிறது. பங்குனி வெயிலில் டெல்டா வயல் கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். அந்தக் களி, ஈரத்தில் ஊதிக் காய்ச்சலில் சுருங்கும் வகை. வெடிப்பு இரண்டடி வரை போகும், காசு கேட்காத உளிக் கலப்பை அது. கோடையில் வயலைக் காயவிடாமல் மோட்டார் போட்டு மூன்றாவது நெல் வைக்கிறவர்கள் இதை இழக்கிறார்கள். செம்மண் அப்படி ஊதிச் சுருங்குவதில்லை. அது தானாக வெடிக்காது, ஒருமுறை இறுகினால் யாராவது போய் உடைத்தால்தான் உண்டு. ஆக, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் மண்ணில் ஓட்டும் பழக்கத்தை, சரிசெய்துகொள்ளத் தெரியாத மண்ணுக்கும் கொண்டுபோனதுதான் எங்கள் பக்கத்துப் பிரச்சினை.

உளிக் கலப்பையைச் சொந்தமாக வாங்குவது சின்ன விவசாயிக்குக் கட்டாது. மூன்று வருஷத்துக்கு ஒரு நாள் வேலை. வாடகைக்கு எடுக்க, வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை இணையச் சேவையில் பதிவு செய்யலாம். சித்திரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதால் மாசியிலேயே சொல்லிவைப்பது நல்லது. உளி ஓட்டிய நிலம் பார்க்க அழகாக இருக்காது. கட்டி கட்டியாகப் பெயர்ந்து நிற்கும். "என்னப்பா இது, கொல்லைய நாசம் பண்ணிட்ட" என்பார்கள். ஒரு மழைக்குப் பிறகு கல்டிவேட்டர் ஒரு ஓட்டம் விட்டால் அடங்கிவிடும்.

உடைத்த தட்டைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம். தளர்ந்த மண் முன்னைவிடச் சுலபமாக இறுகும். உழ ஒரு முறை, விதைக்க ஒரு முறை, மருந்து தெளிக்க, பிடுங்க என்று வண்டி கொல்லை முழுக்க அலைந்தால் இரண்டே பட்டத்தில் பழைய கதை. ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வண்டியின் சக்கரம் வருஷா வருஷம் ஒரே தடத்தில்தான் போகும். அந்தத் தடம் இறுகட்டும், மற்ற இடம் மிதிபடாமல் இருக்கட்டும் என்று. இதை நான் அப்பாயியின் மகனிடம் சொன்னேன். விதைப்புக் கருவியின் அகலத்துக்கு வண்டிச் சக்கரத்தின் இடைவெளியைச் சரிசெய்து, கயிறு பிடித்துத் தடம் குறித்துத் தருகிறேன், அந்தத் தடத்தில் விதை போட வேண்டாம் என்றேன். அவர் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி. தடத்துல போற அந்த ரெண்டு ரெண்டு வரிக் கடலைக்கு யாரு காசு குடுப்பா?"

இந்தப் பட்டத்துக்கு மட்டும் உழவுக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.